விடுமுறையில் விடுதியில் தனியாக

அமெரிக்காவின் பஃபலோ நகரில் அறைத்தோழர்கள் ஊருக்குப் போய்விட, ஆய்வக வேலைக்காக மூன்று வாரம் விடுதியில் தனியாக இருக்கப்போவதாகவும், திருட்டு பயம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள், தம்பி. திருடனுக்குப் பூட்டு போதும். பின்னால் வருகிற அந்நியருக்காக வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அந்த மரியாதை இப்போது வேண்டாம்.

நான் பயப்படுவது பனிக்குத்தான். 2022 டிசம்பரில் அங்கே அடித்த பனிப்புயலில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள், சிலர் காருக்குள்ளேயே. நான்கு நாளைக்கான அரிசி, பருப்பு, மருந்து கையில் இருக்கட்டும். கார் பனியில் சிக்கினால், புகைக்குழாயை மூடிய பனியை அகற்றாமல் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகை காருக்குள் திரும்பும்; அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது.

அது சரி, விடுமுறையில் தங்குவதாக விடுதி அலுவலகத்தில் பெயர் பதிந்துவிட்டீர்களா? இல்லையென்றால் உங்கள் அட்டைக்கே கதவு திறக்காமல் போகலாம்.