பத்து வருடச் சேவையை ஒரு படத்தில் காட்டலாமா?

கேள்வி: சிரேஷ்ட விரிவுரையாளராக இருக்கிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். பாடத்திட்டக் குழு, மாணவர் ஆலோசகர், வெளிப் பரீட்சகர், சஞ்சிகைகளுக்குக் கட்டுரை மதிப்பாய்வு என்று பத்து வருடச் சேவை என் சுயவிபரத்தில் மூன்று பக்கப் பட்டியலாகக் கிடக்கிறது. வட்ட வரைபாகப் போட்டுப் பார்த்தேன். நண்பர் சிரிக்கிறார். என்ன செய்யலாம்?
- விரிவுரையாளர், திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

பதில்: நண்பர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. மூன்று வருடம் துறைத்தலைவராக இருந்ததும், ஒரு பின்னேரம் நேர்முகத் தேர்வில் இருந்துவிட்டு வந்ததும் வட்டத்தில் ஒவ்வொரு எண்ணிக்கைதான். இரண்டையும் கூட்டி நூற்றுவீதம் கண்டால் அது எதன் வீதம்? கோணத்தைவிட, ஒரே அளவுகோலில் வைத்த சலாகைகளையே கண் சரியாக ஒப்பிடும் என்று கிளீவ்லண்ட், மக்கில் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1984இலேயே பரிசோதித்துக் காட்டிவிட்டார்கள். ஆனால் சலாகையாக மாற்றினாலும் கூட்டல் பிழை போகாது.

படம் ஒரு வேலை செய்தால் போதும்: எந்தக் காலத்தில் எந்தப் பொறுப்பு இருந்தது, எவை ஒன்றோடொன்று சேர்ந்து ஓடின என்று காட்டட்டும். மேலே ஆண்டுகள், இடப்பக்கம் பொறுப்புகள், நடுவே தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரு கோடு. இதற்குப் புதிய மென்பொருள் வேண்டாம். எக்செல்லில் பொறுப்பு, தொடங்கிய திகதி, நீடித்த நாட்கள் என்று மூன்று நிரல்கள் போட்டு, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கும் கிடைச் சலாகை வரைபை எடுங்கள். தொடக்கத் திகதிக்குரிய சலாகையின் நிறத்தை நீக்கினால் மிச்சம் சரியான இடத்தில் மிதக்கும். பொறுப்புகள் தலைகீழாக வரும். அச்சின் வரிசையைத் திருப்பிவிடுங்கள்.

மதிப்பாய்வுக்குக் கோடு பொருந்தாது. அந்த நிரையில் ஆண்டுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் எண்ணிக்கை. சஞ்சிகையின் பெயரும் ஆண்டும் போதும். எந்தக் கட்டுரை என்று எக்காரணம் கொண்டும் எழுதாதீர்கள், மதிப்பாய்வாளர் யார் என்பது இரகசியம். எண்ணிக்கை மறந்துபோனால் பழைய மின்னஞ்சல்களில் தேடலாம். மதிப்பாய்வுகளைப் பதிந்துவைக்கும் பப்ளொன்ஸ் தளத்தில் பதிந்திருந்தால், அது 2022இல் வெப் ஒஃப் சயன்ஸ் என்ற ஆய்வுத் தரவுத்தளத்தோடு சேர்ந்துவிட்டது, அங்கே பாருங்கள். சில சஞ்சிகைகள் உங்கள் ஓர்கிட் (ஆய்வாளர் அடையாள எண்) கணக்கிலும் பதிந்திருக்கும்.

உண்மையான வேலை படத்துக்கு முன்னால் இருக்கிறது, அதுதான் அலுப்பு. ஒவ்வொரு பொறுப்புக்கும் நியமனக் கடிதத்தைத் தேடி எடுத்துத் திகதியை அதிலிருந்து எழுதுங்கள், ஞாபகத்திலிருந்து வேண்டாம். நிறுவனத்தின் பெயரையும் அந்தக் காலத்தில் இருந்தபடியே எழுதுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது 2021இல்தான். அதற்கு முன் அங்கே பரீட்சகராகப் போயிருந்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தவரான உங்களுக்கு அது சொந்தப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே செய்த வேலை. அதை வெளிப் பரீட்சகர் நிரையில் வைத்தால் கேள்வி வரும்.

நிறங்களைக் குறையுங்கள். தெரிவுக் குழுவில் யாராவது கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துத்தான் வாசிப்பார்; பச்சையும் சிவப்பும் அதில் ஒரே சாம்பலாகிவிடும். தலைமை வகித்தவற்றுக்குக் கடும் நிறம், உறுப்பினராக இருந்தவற்றுக்கு வெளிர் நிறம், அவ்வளவுதான். இடைவெளி இருந்தால் இருக்கட்டும். கலாநிதிப் பட்டத்துக்காக விடுப்பில் போன வருடங்களை வெறுமையாக விட்டு, அருகே சிறிதாக "கற்கை விடுப்பு" என்று குறியுங்கள். அதை மறைக்க ஒருநாள் பயிற்சிப் பட்டறைகளையெல்லாம் கொண்டுவந்து நிரப்பினால் படமே கெட்டுவிடும்.

அரைப்பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். பட்டியலை எடுத்துவிடவும் வேண்டாம். சுருக்கிப் படத்துக்குக் கீழே வையுங்கள். சில இடங்கள் விண்ணப்பத்தை இணையப் படிவத்தில் வாங்கும். அங்கே படம் ஏறாது, எழுத்துத்தான் ஏறும்.

இன்னொன்று. இதே கோவையை இங்கே பதவி உயர்வுக்குக் கொடுக்கும் எண்ணமிருந்தால் படத்தைக் கழற்றிவிடுங்கள். அங்கே புள்ளி போடுபவர்கள் கேட்பது கடிதங்களின் பிரதிகளைத்தான்.