சேவல் மேல கேஸ் போட்ட கவர்மென்ட்

கேள்வி: ஹூஸ்டன்ல இருக்கற என் மச்சான் லீவுக்கு வந்திருந்தார். "அமெரிக்காவுல தனி மனுஷனோட சொத்துல, பணத்துல கவர்மென்ட் கையே வெக்க முடியாது, அரசியல் சட்டமே அப்படி, இங்க மாதிரி இல்ல"ன்னு ஒரு வாரம் பாடம் எடுத்துட்டு ஃப்ளைட் ஏறிட்டார். நிஜமாவா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: மச்சான் கிளம்பிட்டார்ல, அப்ப தைரியமா சொல்றேன். பாதி நிஜம். அஞ்சாவது திருத்தம்னு ஒண்ணு 1791-லேர்ந்து அங்க இருக்கு. முறைப்படி விசாரிக்காம ஒருத்தனோட உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ பறிக்கக் கூடாது, நஷ்டஈடு குடுக்காம சொத்த எடுக்கக் கூடாதுன்னு அழகா எழுதி வெச்சிருக்காங்க. அத சட்டம் போட்டு மாட்டி வெச்ச அதே வீட்ல என்ன நடந்துச்சுங்கறது மீதி பாதி, அத மச்சான் சொல்லியிருக்க மாட்டார்.

நெவாடா மாநிலத்துல ரீனோ பக்கத்துல ஸ்பார்க்ஸ்னு ஒரு ஊர். அங்க நக்கெட்னு ஒரு கேசினோ, 1958-ல அதுக்குள்ள புதுசா ஒரு ரெஸ்டாரன்ட் திறந்தப்போ விளம்பரத்துக்காக 18 காரட்ல ஒரு சேவல் செஞ்சு வெச்சாங்க, கெட்டித் தங்கம், எடை ஆறு கிலோவுக்கு மேல, நம்ம கணக்குல சொன்னா சுமார் 800 பவுன் எடையுள்ள சேவல். 1960-ல கவர்மென்ட் ஆளுங்க வந்து சேவல தூக்கிட்டு போயிட்டாங்க. கேஸோட பேர் என்ன தெரியுமா, "அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் சேவல் வடிவத்திலான ஒரு கெட்டித் தங்கப் பொருள்". ஜோக் இல்ல சார், ரெக்கார்டுல அப்படியேதான் இருக்கு. பிரதிவாதி கேசினோ ஓனர் இல்ல, சேவல்தான்.

சேவல் பண்ண குத்தம் என்னன்னா தங்கமா இருந்தது. அதுக்கு 1933-க்குப் போகணும்.

அந்த வருஷம் மார்ச் 4 ரூஸ்வெல்ட் அமெரிக்க ஜனாதிபதியா பதவி ஏத்தப்போ நாலு பேர்ல ஒருத்தருக்கு வேலை இல்ல, பேங்க் வாசல் பூரா கூட்டம், ஜனங்க டாலர குடுத்துட்டு தங்கமா வாங்கி வீட்டுக்கு கொண்டு போறாங்க, பேங்க் எல்லாம் வரிசையா மூடுது. மார்ச் 9-ம் தேதி ஒரு அவசர சட்டம் வருது. பிரதிநிதிகள் சபையில 40 நிமிஷம்தான் விவாதம், மெம்பர்ங்க கையில நகல் கூட கிடையாது, ஒருத்தர் வாசிச்சார் மத்தவங்க கேட்டாங்க, குரல் ஓட்டுல பாஸ், ராத்திரிக்குள்ள ஜனாதிபதி கையெழுத்தும் ஆயிடுச்சு. எதிரி நாட்டோட வியாபாரம் பண்றவங்கள புடிக்கறதுக்காக முதல் உலகப்போர் சமயத்துல, 1917-ல, போட்ட ஒரு சட்டம் இருந்துச்சு, அத தூசி தட்டி எடுத்து போர் இல்லாத காலத்துலயும் "நெருக்கடி"ன்னு சொன்னா போதும் சொந்த ஜனங்க மேலயே பாயலாம்ங்கற மாதிரி மாத்திட்டாங்க.

ஏப்ரல் 5 உத்தரவு வந்துச்சு, நம்பர் 6102. தங்கக் காசு, தங்கக் கட்டி, தங்கச் சான்றிதழ் (குடுத்தா பதிலுக்கு தங்கம் தர்ற நோட்டு) எல்லாத்தையும் மே 1-க்குள்ள கொண்டாந்து ஒப்படைக்கணும், அவுன்ஸுக்கு (சுமார் 31 கிராம்) 20.67 டாலர் தருவோம், பதுக்கினா 10,000 டாலர் வரைக்கும் ஃபைன், 10 வருஷம் வரைக்கும் ஜெயில். தலைக்கு 100 டாலர் மதிப்புக்கு தங்கக் காசு வெச்சுக்கலாம்னு விட்டாங்க. நகைய தொடல. (தொட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நம்ம வீட்டு அம்மாங்கள நினைச்சுப் பார்த்தேன், ரூஸ்வெல்ட் பொழைச்சார்.)

நஷ்டஈடுதான் குடுத்தாங்களேன்னு மச்சான் கேப்பார். குடுத்தாங்க. ஒம்போது மாசம் கழிச்சு, 1934 ஜனவரியில, அதே தங்கத்துக்கு விலை 35 டாலர்னு கவர்மென்டே நிர்ணயம் பண்ணிச்சு. நீங்க 10 அவுன்ஸ் குடுத்திருந்தா உங்க கைக்கு வந்தது 206 டாலர் 70 சென்ட், இப்ப அவங்க கஜானாவுல அதோட கணக்கு 350. எந்த வட்டிக்கடைக்காரரும் இவ்ளோ சுத்தமா பண்ண மாட்டார். இந்த வகையில கஜானாவுக்கு லாபம் 280 கோடி டாலர். அதுக்கப்புறம் வெளிநாட்டு மத்திய வங்கிங்க அந்த 35 டாலருக்கு அமெரிக்க தங்கத்த வாங்கிட்டு போகலாம், அயோவாவுல இருக்கற விவசாயி ஒரு தங்கக் காசு கூட வாங்க முடியாது, இது எந்த ஊர் நியாயம்னு அப்பவே கேட்டாங்க.

ரூஸ்வெல்ட்ட திருடன்னு சொல்ல வரல. டாலர் மதிப்ப இறக்கினதாலதான் விலைவாசி விழறது நின்னுச்சு, விவசாயி கடன அடைக்க முடிஞ்சுதுன்னு விவரம் தெரிஞ்ச பல பொருளாதார ஆளுங்க சொல்றாங்க, எனக்கும் அது சரின்னுதான் படுது. என் சண்டை வேற. நெருக்கடி போயிடுச்சு, உத்தரவு போகல. இரண்டாம் உலகப்போர் முடிஞ்சுது, நிலாவுக்கு ஆள் போயிட்டு வந்தாச்சு, அமெரிக்கன் தங்கக் கட்டி வாங்கி வீட்ல வெச்சுக்க முடிஞ்சது 1974 டிசம்பர் 31-லேர்ந்து. நாப்பத்தொண்ணு வருஷம்!

கோர்ட்டுக்குப் போகலியான்னா, போனாங்க. பெர்ரின்னு ஒருத்தர்கிட்ட 10,000 டாலர் லிபர்ட்டி பாண்ட் இருந்துச்சு. லிபர்ட்டின்னா சுதந்திரம், பேரப் பாருங்க. தங்க மதிப்புக்குத்தான் திருப்பித் தருவோம்னு கவர்மென்டே அச்சடிச்சு குடுத்த பத்திரம், அதனால புது விலைப்படி 16,931 டாலர் சொச்சம் குடுங்கன்னு கேஸ் போட்டார். 1935-ல சுப்ரீம் கோர்ட் அஞ்சுக்கு நாலுன்னு தீர்ப்பு சொல்லிச்சு. என்னன்னா, கவர்மென்ட் வாக்கு மாறினது அரசியல் சட்டப்படி தப்பு, ஆனா பெர்ரிக்கு நஷ்டம் ஒண்ணும் இல்ல, ஏன்னா தங்கமா குடுத்திருந்தாலும் அத அவர் வெச்சுக்கறதே சட்ட விரோதம். வெச்சுக்கக் கூடாதுன்னு தடை போட்டதும் அவங்க, வெச்சுக்க முடியாதவனுக்கு என்ன நஷ்டம்னு தப்பிச்சதும் அவங்க. பெர்ரி கைக்கு கூடுதலா ஒரு சென்ட் வரல.

நம்ம கவர்மென்ட் ஒண்ணும் யோக்கியம் இல்ல, 1963-ல நிதி மந்திரி மொரார்ஜி தேசாய் 14 காரட்டுக்கு மேல புது நகை செய்யக் கூடாதுன்னு சொல்லி நாடு முழுக்க ஆசாரிங்க அடுப்ப அணைச்சார். ஆனா கேள்வி அமெரிக்காவப் பத்தி.

சேவலுக்கு வருவோம். 1962-ல ஜூரி உட்கார்ந்து இது பதுக்கல் தங்கம் இல்ல, கலைப்பொருள்னு சொல்லிட்டாங்க, சேவல் ஜெயிச்சு கேசினோவுக்கே திரும்பிச்சு. ஏன் பொருள் மேல கேஸ் போடறாங்கங்கறதுதான் இதுல கவனிக்க வேண்டியது. கப்பல் காலத்து வழக்கம் அது. கடல்கொள்ளைக்காரனும் கள்ளக்கடத்தல் கப்பலோட ஓனரும் எங்கயோ இருப்பான், கப்பல் மட்டும் துறைமுகத்துல கையில மாட்டும், அதனால கப்பல் மேலயே கேஸ். அன்னிக்கு அதுல ஒரு நியாயம் இருந்துச்சு. இன்னிக்கு ஓனர் எதிர்லயே நிக்கறார், அப்பவும் அவர் பாக்கெட்ல இருக்கற பணத்து மேல கேஸ். ஏன்னா மனுஷன் மேல போட்டா சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும், வசதி இல்லாதவனுக்கு அரசு செலவுல வக்கீல் வெச்சுக் குடுக்கணும். டாலர் நோட்டுக்கு இதெல்லாம் கிடையாது பாருங்க.

நெப்ராஸ்காவுல ஒருத்தர் வாடகைக் கார்ல போயிட்டிருந்தார், போலீஸ் நிறுத்திச்சு, ஐஸ் பாக்ஸுக்குள்ள 1,24,700 டாலர் சுத்தி வெச்சிருந்துச்சு. ஃப்ரீசர் வெச்ச லாரி வாங்க தானும் தெரிஞ்சவங்களும் சேர்ந்து போட்ட பணம்னு சொன்னார். போதைப்பொருள் ஒரு துளி கிடைக்கல, கடத்தல்னு அவர் மேல கேஸும் இல்ல, மோப்ப நாய் மட்டும் அந்தப் பணத்துல போதைப்பொருள் வாசனை அடிக்குதுன்னு காட்டிச்சு. கீழ் கோர்ட்ல ஜெயிச்சவர் 2006-ல அப்பீல்ல தோத்தார். கேஸ் பேர் "அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் 1,24,700 டாலர்". நம்ம ஊர் தேர்தல் பறக்கும் படைகிட்டயாவது ரசீது காட்டி அழுது வாங்கிடலாம். அங்க உள்ளூர் போலீஸ் ஃபெடரல் (மத்திய அரசு) ஏஜென்சியோட சேர்ந்து புடிச்சா அந்தப் பணத்துல 80 சதவீதம் வரைக்கும் உள்ளூர் போலீஸுக்கே பங்கு. புடிக்கறவனுக்கே பங்குன்னா அவன் எவ்ளோ சுறுசுறுப்பா இருப்பான்னு நான் சொல்லணுமா?

எதிர்ப்பு இல்லாம இல்ல. நியூ மெக்சிகோ மாநிலம் 2015-ல இந்த முறையவே ஒழிச்சிடுச்சு, குற்றம் நிரூபணம் ஆனாத்தான் சொத்து போகும். 2019-ல சுப்ரீம் கோர்ட், அளவுக்கு மீறின அபராதம் கூடாதுங்கற விதி மாநில அரசுகளுக்கும் பொருந்தும்னு ஒன்பது பேரும் ஒரே குரலா சொன்னாங்க, இண்டியானாவுல ஒருத்தரோட 42,000 டாலர் லேண்ட் ரோவர் கார அரசு புடிச்சுகிட்ட விஷயம் அது, சட்டப்படி அவருக்கு அதிகபட்ச அபராதமே 10,000 தான். அதே கோர்ட் 2024-ல, கார புடிச்ச உடனே ஓனர கூப்பிட்டு முதல்கட்டமா தனி விசாரணை ஒண்ணும் நடத்தத் தேவையில்லன்னு ஆறுக்கு மூணுல தீர்ப்பு சொல்லிச்சு. அந்த லேண்ட் ரோவர்காரருக்கு வண்டி முழுசா சொந்தம்னு ஆக எட்டு வருஷம் ஆச்சு. சேவல் ரெண்டே வருஷத்துல வெளிய வந்துடுச்சு.

மச்சான் அடுத்த தடவ பாடம் எடுக்கும்போது லிபர்ட்டி பாண்ட் கதைய கேட்டுப் பாருங்க. அப்புறம் ஒண்ணு, அவர் ஹூஸ்டன்லேர்ந்து காருக்குள்ள ஐஸ் பாக்ஸ் வெச்சுகிட்டு எங்கயாவது கிளம்பினா உள்ள கூல்டிரிங்ஸ் மட்டும் இருக்கட்டும்.