விமானப் பராமரிப்புக் கடை தொடங்குவது: கேள்வி பதில்

ஓசூர் வாசகர்: எம்ஆர்ஓ (விமானப் பராமரிப்பு, பழுதுபார்ப்பு நிறுவனம்) தொடங்க ஆசை சார். முதலில் ஹேங்கர் (விமானக் கொட்டகை) பிடிக்கவா?

வேண்டாம். வேலை வருவதற்குள் வாடகையே முதலைத் தின்றுவிடும். இந்திய விமானத் துறையின் ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ பராமரிப்பு நிறுவனங்களுக்குத் தரும் சிஏஆர்-145 அனுமதியில் ஏ என்றால் விமானம், பி எஞ்சின், சி பாகங்கள், டி என்டிடி (பாகத்தைச் சேதப்படுத்தாமல் சோதிப்பது) போன்ற சிறப்புப் பணி. சி-யில் தொடங்குங்கள். பேட்டரி சி5, சக்கரமும் பிரேக்கும் சி14.

எந்தெந்த பார்ட் நம்பருக்கு வேலை செய்யப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கான சிஎம்எம் (பாகத்தின் பராமரிப்புக் கையேடு), அது கேட்கும் டெஸ்ட் கருவி, தகுதியுள்ள ஆள் மூன்றும் கைக்கு வந்தபின் எம்ஓஇ (உங்கள் நிறுவனம் எப்படி வேலை செய்யும் என்று சொல்லும் கையேடு) எழுதுங்கள். அடுத்தவர் எம்ஓஇ-யில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால், உங்களிடம் இல்லாத மெஷினின் கேலிப்ரேஷன் சான்றை ஆடிட்டில் கேட்பார்கள்.

பேட்டரிக் கடை என்றால் நிக்கல்-காட்மியத்துக்கும் லெட்-ஆசிடுக்கும் தனித்தனி அறை, தனித்தனி காற்றோட்டம், தனித்தனி கருவிகள். ஒன்றில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, மற்றதில் கந்தக அமிலம். அமில ஆவி பட்டாலே நிக்கல்-காட்மியம் செல் கெடும். ஹைட்ரோமீட்டரைக்கூட மாற்றிப் பயன்படுத்தாதீர்கள்.

திருச்சி: நான் பி.காம். ஏஎம்இ (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) லைசென்ஸ் இல்லாமல் தொடங்கலாமா?

முதலாளிக்கு லைசென்ஸ் தேவையில்லை. அக்கவுண்டபிள் மேனேஜராக (நிறுவனத்துக்குப் பொறுப்பேற்பவராக) இருக்கலாம். பணம் ஒதுக்கும் அதிகாரமும் விதிகளின் அடிப்படை அறிவும் வேண்டும். சிஆர்எஸ்-ல் (வேலை சரியாக முடிந்தது, பயன்படுத்தலாம் என்ற சான்றில்) கையெழுத்திட மட்டும் முடியாது.

கோவை: எனக்கும் லைசென்ஸ் இல்லை…

மேலே பாருங்கள்.

கொழும்பு: இந்திய அனுமதி வைத்து 4ஆர் (இலங்கை) பதிவு விமானத்தின் வேலையை எடுக்கலாமா அண்ணா?

அதை மட்டும் வைத்து முடியாது தம்பி. விமானம் எந்த நாட்டுப் பதிவோ அந்த நாட்டு ஆணையம் ஏற்க வேண்டும். உங்களுக்கு அது சிஏஏஎஸ்எல் (இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம்).

மதுரை: பாகத்துக்குப் பேப்பர் இல்லை, ஆனால் புத்தம் புதுசு. மாட்டலாமா?

கூடாது. சிஏ ஃபார்ம் 1 (இந்தியா), ஈஏஎஸ்ஏ ஃபார்ம் 1 (ஐரோப்பா), 8130-3 (அமெரிக்கா) போல ஏற்கப்பட்ட சான்று இல்லாத பாகம் குவாரண்டைன் அலமாரிக்குத்தான் (யாரும் எடுத்து மாட்டாதபடி தனியே வைக்கும் இடம்) போகும். சான்று இருந்தாலும் சந்தேகம் வந்தால் அதை வழங்கிய நிறுவனத்திடமே கேளுங்கள். சிஎஃப்எம்56 எஞ்சின் பாகங்கள் போலிச் சான்றோடு பல விமானங்களில் ஏறியிருந்தது 2023-ல்தான் வெளியே வந்தது.

சேலம்: சின்ன போல்ட்டுக்குமா சார்? அனுபவசாலி கண்ணால் பார்த்தே சைஸ் சொல்லிவிடுவாரே.

1990 ஜூன் 10, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானம். சுமார் 17,000 அடியில் முன்கண்ணாடி பிய்ந்து, கேப்டன் பாதி உடல் வெளியே தொங்கினார். அந்தக் கண்ணாடிக்கு மாட்டிய 90 போல்ட்டில் 84 விட்டம் குறைவு, மீதி 6 நீளம் குறைவு. ஐபிசி-யைப் (பாகங்களின் படப் பட்டியல்) பார்க்காமல், கழற்றிய பழைய போல்ட்டோடு ஒப்பிட்டுக் கண்ணால் தேர்ந்தெடுத்தவர் அனுபவசாலிதான்.

சேலம்: பழைய போல்ட் சரியாக இருந்திருந்தால்?

அது சரியா என்பதை எதை வைத்துச் சொல்வீர்கள்? பழைய போல்ட்டுகளிலேயே பெரும்பாலானவை நீளம் குறைந்தவை. அந்தத் தப்பைத்தான் அவர் அளவுகோலாக வைத்துக்கொண்டார். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) ‘டிக்’ என்றதும் இறுகிவிட்டது என்று எண்ணவும் கூடாது. மரை சரியாகப் பிடிக்காவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. ஐபிசி-யில் பார்ட் நம்பர், எஃபெக்டிவிட்டி (எந்த விமானத்துக்குப் பொருந்தும் என்பது) இரண்டையும் பாருங்கள்.

வேலூர்: ஜிஎஸ்டி?

எம்ஆர்ஓ சேவைக்கு 2020 ஏப்ரலிலிருந்து 5%.

நெல்லை: லைசென்ஸ் இல்லாமல்…

திருச்சிக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

ஈரோடு: சக்கரக் கடையில் முதல் ஆபத்து எது?

காற்று. டை போல்ட்டில் (சக்கரத்தின் இரு பாதிகளையும் இணைப்பது) கை வைக்கும் முன் டயரின் காற்றை முழுக்க இறக்குங்கள். அடைத்த வால்வ் பூஜ்யம்போல் ஏமாற்றும். வால்வ் கோரைக் (உள்ளிருக்கும் ஊசியை) கழற்றும்போது முகத்தை நேரே வைக்காதீர்கள். நிரப்புவது நைட்ரஜன், பாதுகாப்புக் கூண்டுக்குள், ரெகுலேட்டர் வழியாக மட்டும்.