அலைகரையில் ஒரு புதுக்குடி

அன்புள்ள அக்கா,

கிளிநொச்சியில் நாங்கள் ஐந்து பேர் ஞாயிறு பின்னேரங்களில் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம்: ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, 20 பக்கப் பகடை உருட்டி ஆடும் மேசை ஆட்டம். 2014ஆம் ஆண்டு விதிகள். கதை நடத்துவது நான். உலகத்தை வன்னி மாதிரி அமைத்திருக்கிறேன். ஒரு பக்கம் பெருங்காடு. அதில் எல்ஃப் என்ற கற்பனை இனம் போல நெடுங்காலம் வாழும் காட்டார். மறுபக்கம் குளமும் வயலும். அங்கே மனிதரான குளத்தார். இரண்டு பக்கத்துக்கும் பிறந்தவர்களுக்குக் ‘கரையார்’ என்று பெயர் வைத்து, ஹாஃப்-எல்ஃப் (பாதி எல்ஃப், பாதி மனிதர்) விதியை அப்படியே கொடுத்தேன். நாலு ஆட்டக்காரரில் மூன்று பேர் அதையே எடுத்துவிட்டார்கள். மூன்று பேருக்கும் ஒரே பின்கதை: தகப்பன் யாரென்று தெரியாது, இரண்டு ஊரும் துரத்திவிட்டது. எங்கே பிழை விட்டேன்? இந்த மக்களைத் திரும்ப எப்படி அமைப்பது?

வாசகர், கிளிநொச்சி

அன்புள்ள தம்பி,

முதலில் பெயரை மாற்றுங்கள். குளத்தின் அலைகரையை நினைத்துத்தான் வைத்திருப்பீர்கள். ஆனால் கரையார் என்பது எங்கள் கரையோரங்களில் வாழும் ஒரு சமூகத்தின் பெயர். அதன் பக்கத்தில் ‘+2’ என்று ஆட்ட எண் எழுதிய உடனேயே அது உயிரோடிருக்கும் ஆட்களைப் பற்றிய பேச்சாகிவிடும். காட்டில் இருப்பவர்களுக்கு வேடர் என்று வைக்காமல் விட்டது நல்லது, காரணம் இதேதான். நிலத்தின் பெயரோடும் தொழிலின் பெயரோடும் ‘ஆர்’ சேர்த்தால் எங்கள் காதுக்கு அது பலவேளை சாதியாகக் கேட்கும். ஒரு பொருளில் இருந்து எடுங்கள். காட்டுக்கும் வயலுக்கும் நடுவில் நிற்கிற பொருள் காவல் பரண். பரணோர் என்று அவர்கள் தங்களைச் சொல்லட்டும். காட்டார் அவர்களை ‘மண்வெட்டிகள்’ என்பார்கள், குளத்தார் ‘இலைத்தலையர்’ என்பார்கள். மூன்று பெயர் கிடைத்ததும், யார் எந்தப் பெயரால் கூப்பிடுகிறார் என்பதை வைத்தே மேசையில் உறவு தெரியவரும்.

மூன்று பேர் ஒன்றையே எடுத்ததற்கு ஆட்டக்காரரைக் குறை சொல்ல முடியாது. 2014 விதியில் ஹாஃப்-எல்ஃபுக்குக் கரிஸ்மா (ஆளை ஈர்க்கும் பண்பு) +2, விரும்பிய வேறு இரண்டு பண்புக்கு +1, ஆகக் கூட்டு +4. பெரும்பாலான இனங்களுக்கு +3தான். அதற்கு மேல் விரும்பிய இரண்டு திறன் (ஒளிதல், வரலாறு போன்ற தேர்ச்சி), டார்க்விஷன் (இருட்டில் பார்க்கும் கண்), மயக்குமந்திரத்துக்கு எதிரான காப்பு. பார்ட், சோர்சரர், வார்லொக், பாலடின் நாலுமே கரிஸ்மாவில் ஓடும் வகுப்புகள், அதாவது பாத்திரத்தின் தொழில்கள். கணக்குத் தெரிந்த ஆள் அதைத்தான் எடுப்பார். 2024இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் ஹாஃப்-எல்ஃபும், ஓர்க் என்ற முரட்டு இனத்தோடு கலந்த ஹாஃப்-ஓர்க்கும் இடம்பெறவில்லை; பண்புக்கூட்டலும் இனத்தை விட்டு, பாத்திரத்தின் முந்திய வாழ்க்கையான பின்னணிக்குப் போய்விட்டது. ஒன்றுக்கு +2, இன்னொன்றுக்கு +1. இல்லையென்றால் மூன்றுக்கு +1. அந்த ஒரு மாற்றத்தை மட்டும் உங்கள் ஆட்டத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள், எல்லா இனத்துக்குமாக. பரணில் வளர்ந்தவளும் காட்டுக்குள் வளர்ந்த அவளுடைய தம்பியும் ஒரே இரத்தம்தான், ஆனால் ஒரே கை இல்லை. கூட்டல் வளர்ப்பில் இருந்து வரட்டும்.

ஆனால் எண்ணைத் திருத்துவதோடு இது தீராது. தாயில் பாதி, தகப்பனில் பாதி என்று அளந்து கலந்தால் ஒரு மக்கள் உருவாகாது. அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள், அந்த வேலை ஏன் அவர்கள் கைக்கு வந்தது என்பதில் இருந்து தொடங்குங்கள். அதற்கு விதியிலேயே ஒரு திறப்பு இருக்கிறது: வயது. எல்ஃப் நூறு வயதளவில்தான் பெரியவராக எண்ணப்படுவார், 750 வரை வாழலாம். மனிதர் ஒரு நூற்றாண்டைத் தாண்டுவதில்லை. ஹாஃப்-எல்ஃப் 20இல் பெரியவராகி 180ஐயும் தாண்டுவார். ஒரு தலைமுறையை 30 வருடம் என்று வைத்தால், ஒரு பரணோர் ஆறு தலைமுறைக் குளத்தாரைப் பார்த்துவிடுவார்.

இதைக் குளத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தகப்பனின் வயலை அவர் எழுதி வாங்கினால், மனிதரான சகோதரரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தக் காணி கைக்கு வராமலே செத்துப்போவார்கள். வெட்டுக்குத்து வராமல் இருக்காது. ஆகவே பரணோர் வயல் காணி வைத்திருப்பதில்லை என்று ஒரு வழக்கத்தை வையுங்கள். பதிலுக்குக் குளத்தார் அவர்களிடம் தண்ணீர்முறையைக் கொடுக்கிறார்கள். எங்கள் ஊர்களில் வட்டவிதானை பார்த்த வேலை போல. காலபோகத்துக்கு மழை இருக்கிறது, பெரிதாகச் சண்டை வராது. சிறுபோகத்துக்குக் குளத்தில் மிஞ்சிய தண்ணீரைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டம் தீர்மானிக்கும். அப்போது ‘என் பாட்டனுக்கு இரண்டு பங்கு இருந்தது’ என்று ஒருவர் எழும்பினால், அந்தப் பாட்டன் பேசியதைக் காதால் கேட்ட ஆள் அங்கே உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் காணி இல்லை என்பதால்தான் அவர் சொல் எடுபடுகிறது. காட்டார் பக்கத்திலும் அப்படியே. எந்தப் பாலை மரத்தைத் தறிக்கக்கூடாது, குளத்துக்கு வரும் எந்த ஆற்றை மறிக்கக்கூடாது என்ற பழைய வாக்குகளுக்குச் சாட்சி அவர்கள்தான். காட்டார் அந்த வாக்கு நேற்றுக் கொடுத்தது என்பார்கள், குளத்தார் அது கட்டுக்கதை என்பார்கள். உங்கள் ஆட்டத்துக்குப் பத்து ஞாயிறுக்கான கதை இதிலேயே கிடக்கிறது.

இனி நாலே நாலு அம்சம் கொடுங்கள். டார்க்விஷன் 60 அடி, அது காட்டார் வழி. மயக்கப்படுவதற்கு எதிரான உருட்டலில் அட்வான்டேஜும் (இரண்டு தரம் உருட்டிப் பெரியதை எடுப்பது), மந்திரத்தால் தூங்கவைக்க முடியாமையும், அதுவும் காட்டார் வழி. இரண்டு திறனில் ஒன்றை வரலாறு என்று நிலையாக்கி, மற்றதை மட்டும் தெரிவுக்கு விடுங்கள். நாலாவது அவர்களுக்கே உரியது: நீண்ட ஓய்வுக்கு (இரவுத் தூக்கத்துக்கு) ஒருமுறை, நிலம், தண்ணீர், வம்சம் பற்றிய ஓர் அறிவுச் சோதனையில் அட்வான்டேஜ். பகடையில் 11 அல்லது அதற்கு மேல் வேண்டிய இடத்தில் வாய்ப்பு 50 வீதத்தில் இருந்து 75 வீதமாகும். ஒருமுறைக்கு அது போதும். வரம்பில்லாமல் விட்டால் எந்தக் கேள்வியும் அந்த ஆளிடமே போய் மற்றவர்கள் சும்மா இருப்பார்கள். ‘குளத்தருகில் மட்டும்’ என்று கட்டினாலும் பிழை. கதை பட்டினத்துக்குப் போன நாளில் இருந்து அது தாளில் கிடக்கும் எழுத்து மட்டுந்தான்.

டார்க்விஷனில் அநேகம் பேர் பிழை விடுவதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். 60 அடி என்றால் 18 மீற்றர். பரணில் இருப்பவருக்கு 18 மீற்றரில் யானை தெரிந்தால் வயல் ஏற்கெனவே போய்விட்டது. அந்தத் தூரத்துக்குள்ளும் முழு இருட்டு மங்கல் வெளிச்சமாகத்தான் ஆகும், நிறமும் தெரியாது. மங்கலில் கண்ணால் கவனிக்கும் சோதனைக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு தரம் உருட்டிச் சிறியதை எடுப்பது), தானாகக் கவனிக்கும் எண்ணில் 5 குறையும். ஆகவே பரணோருக்கும் பந்தம் வேண்டும். ஒரு பந்தம் 20 அடிக்கு நல்ல வெளிச்சமும் அடுத்த 20 அடிக்கு மங்கலும் தரும். மனிதருக்குத் தெளிவாகத் தெரிவது 20 அடி, பரணோருக்கு 40. பந்தம் ஒரு மணித்தியாலம் எரியும். எங்கள் இரவு ஏறக்குறைய 12 மணித்தியாலம், ஆக 12 பந்தம். எண்ணி எழுதவையுங்கள். இன்னொன்று, எல்ஃபின் நாலு மணித்தியாலத் தியானம் ஹாஃப்-எல்ஃபுக்குக் கிடையாது. நீண்ட ஓய்வு 8 மணித்தியாலம். அதில் 2 மணித்தியாலம் வரை காவல் இருக்கலாம். நாலு பேருக்கும் முறை வைத்தால் எட்டும் சரியாக முடியும்.

பின்கதைக்கு வருகிறேன். ‘இரண்டு ஊரும் துரத்தியது’ என்ற கதை வருவதற்குக் காரணம், நீங்கள் அவர்களுக்கு ஊர் கொடுக்காததுதான். எபரான் என்ற ஆட்ட உலகம் 2004இல் வந்தபோதே இதற்கு வழி காட்டியது. அங்கே ஹாஃப்-எல்ஃப்கள் தலைமுறைகளாகத் தங்களுக்குள் மணந்து, கோராவர் என்று தங்களுக்கே ஒரு பெயரும் வலிமையான இரண்டு குலங்களும் கொண்டு வாழ்கிறார்கள். அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகளைப் பாருங்கள். தாய் வழி தோட்டம், தகப்பன் வழி பழைய வன்னிக் கிராமமாக இருக்கும். எந்த ஊர் என்று கேட்டால் பாதி இது பாதி அது என்று அவர்கள் சொல்வதில்லை, இருக்கிற ஊரின் பெயரைத்தான் சொல்வார்கள். உங்கள் ஆட்டக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தப் பரணில் வளர்ந்தாய்? உனக்குத் தண்ணீர்க் கணக்குச் சொல்லித் தந்தது யார்? இரண்டு பாட்டிமாரிடமும் இருந்து வந்த ஒவ்வொரு சொல் என்ன? இதற்குப் பதில் எழுதியவரின் பாத்திரம் அநாதையாக இருந்தாலும் பிறத்தியாராக இருக்கமாட்டார்.

வன்முறையால் பிறந்த பிள்ளை என்ற கதை இந்த ஆட்டத்தில், முக்கியமாக ஹாஃப்-ஓர்க் பற்றி, பழைய காலத்தில் இருந்து ஓடுகிறது. உங்கள் மேசையில் அதை வைக்காதீர்கள். யாராவது கட்டாயம் வேண்டும் என்றால், ஆட்டம் தொடங்க முதல் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் காரணம் கேட்காமல் விடுங்கள். வன்னியில் யார் வீட்டில் என்ன நடந்தது என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது.

ஹாஃப்-எல்ஃபின் 2014 விதி, ஆட்டத்தின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்.ஆர்.டி. 5.1இல் இருக்கிறது. 2023 ஜனவரியில் இருந்து அது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசம், மூலத்தைக் குறிப்பிட்டால் தமிழில் மாற்றி எழுதிப் பகிரலாம். பரணோரை ஒரே பக்கத்தில் எழுதி மூன்று ஞாயிறு ஓடவிடுங்கள். நாலாவது ஞாயிறு, தாளை மாற்ற விரும்புகிறவர் மாற்றலாம் என்று சொல்லுங்கள். அப்போதும் மூன்று பேர் பரணோராகவே இருந்தால், தெரிவுக்கு விட்ட அந்த ஒரு திறனை நீக்கிவிடுங்கள். ஒருவரும் இல்லையென்றால் நாலாவதான அறிவுச் சோதனை அம்சத்தை நாளுக்கு இரண்டு முறையாக்குங்கள்.