ரிசல்ட் வருவதற்குள் பாலிசி எடுத்துவிடலாமா?

கேள்வி: சொந்த ஊர் திருச்சி, கணவர் வேலைக்காக நொய்டாவில் இருக்கிறோம். மூன்றரை வயது மகளுக்கு எடையே ஏறவில்லை, அடிக்கடி வயிற்றுப்போக்கு. ரத்தப் பரிசோதனையில் டிடிஜி என்ற ஆன்டிபாடி அதிகமாக வந்திருக்கிறது. கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் சீலியாக் நோயாக இருக்கலாம் என்று மூன்று வாரம் கழித்து எண்டோஸ்கோப்பி வைத்திருக்கிறார்கள். பயத்தில் குளூட்டன் இல்லாத மாவு, பிரெட், பிஸ்கட் என்று ஒரே நாளில் 6,800 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். எங்கள் மாத வருமானம் 82,000. மருத்துவக் காப்பீடு என்று அலுவலகக் குரூப் பாலிசி மட்டும் இருக்கிறது. கணவர் வேலை மாறும் யோசனையில் இருக்கிறார். ரிசல்ட் வருவதற்குள் தனி பாலிசி எடுங்கள், ரத்தப் பரிசோதனையைப் பற்றி எழுத வேண்டாம் என்கிறார் ஏஜென்ட். மாதம் 5,000 போடும் செல்வமகள் சேமிப்பை நிறுத்திவிட்டு மருத்துவத்துக்கு ஒதுக்கலாமா?

பதில்: முதலில் அந்த 6,800 ரூபாய் பெட்டியை மேலே எடுத்து வையுங்கள். பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. எண்டோஸ்கோப்பியில் சிறுகுடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் குடல் ஆறத் தொடங்கி, நோய் இருந்தும் இல்லை என்று காட்டிவிடலாம். அப்புறம் மறுபடி கோதுமை கொடுத்து, மறுபடி பரிசோதனை. குழந்தைக்கு இரண்டு முறை மயக்க மருந்து, உங்களுக்கு இரண்டு முறை பில். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் இன்றே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். டிடிஜி உச்ச வரம்பைப் போல 10 மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இன்னொரு முறை எடுத்த ரத்தத்தில் வேறொரு ஆன்டிபாடியைப் பார்க்கும் இஎம்ஏ பரிசோதனையும் பாசிட்டிவ் ஆனால், எண்டோஸ்கோப்பி இல்லாமலே உறுதிசெய்யலாம் என்கிறது 2020-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டல். உங்கள் குழந்தைக்கு அது பொருந்துமா என்று கேட்பதில் தப்பில்லை, முடிவு டாக்டருடையது. தனியார் மருத்துவமனை சொல்லும் தொகை தாங்காது என்றால், பக்கத்திலேயே டில்லி எய்ம்ஸில் சீலியாக்குக்கென்றே கிளினிக் நடக்கிறது. காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அலுவலக பாலிசியில் ஒரு சிக்கல் உண்டு. பரிசோதனைக்காக மட்டுமே அட்மிட் ஆனால் அந்தச் செலவைத் தர மாட்டோம் என்பது பெரும்பாலான பாலிசிகளில் இருக்கும் பொது விலக்கு. எண்டோஸ்கோப்பி இதில் மாட்டிக்கொள்ளலாம். எடை குறைவு, ரத்தசோகை என்று என்னென்ன இருக்கிறதோ அதையெல்லாம் டாக்டரின் கடிதத்தில் எழுதி வாங்கி, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக கிளைம்களைக் கவனிக்கும் டிபிஏவுக்கு முன்கூட்டியே மெயில் அனுப்பி, பதிலையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். மறுத்தாலும் பரவாயில்லை, தொகையைக் கையில் வைத்துக்கொண்டு போகலாம்.

இனி ஏஜென்ட் விஷயம். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். நோய் உறுதியானால்தான் அது 'முன்பே இருந்த நோய்' என்று அவர் நினைக்கிறார். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ விதிப்படி, பாலிசிக்கு முந்தைய 36 மாதத்தில் டாக்டர் ஆலோசனையோ சிகிச்சையோ பெற்றிருந்தாலே போதும். உங்கள் மகளின் ரத்தப் பரிசோதனைத் தாளில் தேதி இருக்கிறது, டாக்டர் சீட்டில் 'சீலியாக்?' என்று எழுதியிருக்கும். அதை மறைத்து எடுத்தால், நாளைக்கு டெங்கு என்று அட்மிட் ஆனால்கூட பழைய சீட்டைத் தோண்டி எடுத்து பாலிசியையே ரத்துசெய்ய முடியும். ஐந்து வருடம் கட்டிவிட்டால் கேள்வி கேட்க மாட்டார்கள் என்றும் சொல்லியிருப்பார். மோசடி நிரூபணமானால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

உண்மையைச் சொன்னால் என்ன நஷ்டம்? சீலியாக்குக்கும் அதனால் வருபவற்றுக்கும் அதிகபட்சம் 36 மாதம் காத்திருப்பு. 2024-க்கு முன் இது 48 மாதம். மற்ற பெரும்பாலான நோய்களுக்கு முதல் 30 நாள் கழித்து, விபத்துக்கு முதல் நாளிலிருந்தே கவர் உண்டு. இந்த நோய்க்கு மருந்தே உணவுதான். மருத்துவமனையில் படுக்க வேண்டிய தேவை அபூர்வம். அதனால் அந்த 36 மாதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ரிசல்ட் வரட்டும் என்று கம்பெனி குழந்தையைத் தள்ளிவைத்தால், நீங்கள் இருவரும் இப்போதே ஃபேமிலி ஃப்ளோட்டர் (குடும்பம் முழுவதற்கும் ஒரே பாலிசி) எடுத்து, பிறகு அவளைச் சேருங்கள். தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் இல்லை. கணவர் ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன், குரூப் பாலிசியிலிருந்து அதே கம்பெனியின் தனி பாலிசிக்கு மாற வழி இருக்கிறதா என்று எச்ஆரிடம் கேட்கச் சொல்லுங்கள். இதுவரை கழித்த காத்திருப்புக் காலம் வீணாகாது.

செல்வமகளை நிறுத்த வேண்டாம். வருடத்துக்கு 250 ரூபாய் போட்டாலே கணக்கு உயிரோடு இருக்கும்; எனவே மூன்று, நான்கு மாதம் 2,000 ஆகக் குறைத்து, மீதியை வங்கி ஆர்டியில் போடுங்கள். மருத்துவப் பணம் அவசரத்துக்கு எடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும். செல்வமகள் அதற்கான இடமில்லை. வரிச்சலுகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். குறிப்பிட்ட சில நோய்களின் சிகிச்சைச் செலவுக்கு வரிக்கழிவு தரும் 80டிடிபி பட்டியலில் சீலியாக் இல்லை. பழைய வரிமுறையில் இருந்தால் மருத்துவக் காப்பீட்டுக்கான 80டி கழிவில் நோய்த்தடுப்பு உடல் பரிசோதனைக்கு 5,000 வரை கழிக்கலாம். நோய் உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தோரும் டிடிஜி பார்க்கச் சொல்வார்கள். அந்தச் செலவை இதில் காட்டலாம்.

மாதச் செலவு நீங்கள் பயப்படுகிற அளவு ஏறாது. கோதுமைப் பண்டங்களைப் போலவே குளூட்டன் இல்லாமல் செய்த பிரெட், பிஸ்கட்டுக்குத்தான் யானை விலை. இட்லி, தோசை, இடியாப்பம், கேழ்வரகுக் கூழ், கம்பஞ்சோறு எதிலும் குளூட்டன் கிடையாது. திருச்சியில் உங்கள் அம்மா செய்த சமையலுக்கே திரும்புங்கள். ஆனால் ரவை, சேமியா, மைதா மட்டுமல்ல, கோதுமையும் பார்லியும் சேர்ந்த ஹார்லிக்ஸும் ஆகாது. கட்டிப் பெருங்காயத்தில்கூடப் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும்; லேபிளைப் படியுங்கள். நொய்டாவில் தெருமுனை சக்கியில் (மாவு மில்லில்) அரைத்த கடலை மாவு வேண்டாம், அதே கல்லில்தான் கோதுமையும் அரைப்பார்கள். பணம் போட வேண்டியது புது மிக்ஸி ஜார், தனி தோசைக்கல், தனி கரண்டிகளுக்கு. சுமார் 4,000 ஆகும், ஒரே ஒரு முறை.

அதையும் ரிசல்ட் வந்த பிறகு வாங்கினால் போதும். ஆன்லைன் பெட்டியில் பிரிக்காதவை இருந்தால், திருப்பி அனுப்பும் கெடு என்றைக்கு முடிகிறது என்று இன்று இரவே பாருங்கள்.