தொகையை மறைக்காமல் எழுதிய ‘பைசல்’: மன்னிப்பும் எளிமையும் பற்றிச் சில கேள்விகள்

சோமனூரிலிருந்து ஒருவர்: கூடத் தறி ஓட்டிய பங்காளி 80,000 ரூபாய் கைமாத்து வாங்கிட்டுத் தரலைங்க. ஏழு வருஷமா பேச்சுவார்த்தை இல்லை. மன்னிக்கணும்னா பணத்தை விட்டுடணுமா?

மத்தேயு 18இல் இயேசு சொன்ன உவமையே ஒரு கடன் கதைதானுங்க. ஒரு வேலைக்காரன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். அவனுக்கு உடன்வேலைக்காரன் தர வேண்டியது நூறு வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. அப்படிப் பார்த்தால் நூறு என்பது மூன்று மாதக் கூலிக்கு மேல். சின்னத் தொகை இல்லை. உங்கள் நஷ்டம் ஒன்றுமில்லை என்று இயேசு சொல்லவே இல்லை. ஆனால் ஒரு தாலந்து சுமார் 6,000 நாள் கூலி. ராஜா தள்ளுபடி செய்தது 6 கோடி நாள் கூலி! அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன்தான் நூறுக்காக இன்னொருவன் தொண்டையை நெரித்தான்.

பணத்தைக் கேட்பது பாவமில்லை. பங்காளியிடம் இருந்தால் கேளுங்கள். கேட்பது வேறு, தொண்டையை நெரிப்பது வேறு.

என் அப்பா மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதியவர். வீட்டிலும் சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஒரு நாள், சித்தப்பா பேருக்கு நேராக ‘பைசல்’, அதாவது கணக்குத் தீர்ந்தது, என்று எழுதினார். “பணம் வந்துருச்சா?” என்று அம்மா கேட்டார். “வரலை, வராது” என்றார். அன்று சாயங்காலமே சைக்கிளை எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனார், பன்னிரண்டு வருஷம் கழித்து. அந்தப் பக்கத்தைப் பிற்பாடு நான் பார்த்தேன். தொகையை அவர் அடித்து மறைக்கவில்லை. எழுத்து தெளிவாகவே இருக்கிறது.

திருப்பூரிலிருந்து ஒரு தாய்: மகள் கல்யாணத்தை எளிமையா வைக்க ஆசைதானுங்க. ஆனா சொந்தபந்தம் என்ன சொல்லும்?

ரெண்டு நாள் பேசும், அப்புறம் அடுத்த கல்யாணத்துக்குப் போய்விடும். ஆனால் மண்டபத்துக்கு வாங்கிய கடன் போகாது. சனிக்கிழமைச் சம்பளம் வட்டிக்கே சரியாகிவிடும். ஆராதனையில் பிள்ளைகள் உடன்படிக்கை சொல்ல வேண்டும், பதிவேட்டில் கையெழுத்துப் போட இரண்டு சாட்சிகள் வேண்டும். அப்புறம் வயிறார ஒரு சாப்பாடு. உங்கள் மகளிடம் வெளிப்படையாகப் பேசுங்கள், அவள் உங்களை விடத் தைரியசாலியாக இருக்கலாம்.

தாராபுரத்திலிருந்து: எனக்கு நீளமா ஜெபம் பண்ண வராதுங்க. குறையா?

இல்லைங்க. “வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்” என்று சொன்ன கையோடுதான் இயேசு “எங்கள் பிதாவே” என்ற பரமண்டல ஜெபத்தையே கற்றுக்கொடுத்தார். அதைச் சொல்லி முடிக்க அரை நிமிஷம் போதும்.

கோபியிலிருந்து ஒரு சகோதரி: குடிச்சுட்டு அடிக்கிற வீட்டுக்காரரை மன்னிச்சுத் திரும்பிப் போகணும்னு பெரியவங்க சொல்றாங்க.

போகாதீங்க, கண்ணு. மன்னிப்பது வேறு, திரும்பிப் போய் அடி வாங்குவது வேறு. அப்போஸ்தலன் பவுல்கூட “கூடுமானால், உங்களாலானமட்டும்” சமாதானமாயிருங்கள் என்றுதான் ரோமர் 12இல் எழுதினார். உங்களாலானது அவ்வளவுதான். அவர் குடியை விட்டு, நடத்தையில் மாறி, அதை வருஷக்கணக்கில் காட்டட்டும். அதுவரை பாதுகாப்பாக இருங்கள், தேவைப்பட்டால் போலீசுக்கும் போங்கள். இதற்காக உங்களுக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொன்னாலும், வேதத்தை அவர்கள்தான் தப்பாகப் படித்திருக்கிறார்கள்.

கருமத்தம்பட்டியிலிருந்து: பரமண்டல ஜெபத்தை எங்க கத்தோலிக்கக் கோயில்ல சொல்றப்போ “பொறுப்பதுபோல”ன்னு வருது, உங்க சபையில “கடன்”னு வருது. எது சரி? இன்னொண்ணு, அப்பா தவறி மூணு வருஷமாச்சு. அம்மாவை அவர் படுத்தின பாட்டை மறக்க முடியலை. இல்லாதவரை எப்படிங்க மன்னிக்கிறது?

மத்தேயு எழுதிய கிரேக்கத்தில் இருப்பது கடன்தான். ஆனால் ‘பொறுத்தல்’ என்ற சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சுமப்பதும் அதில் இருக்கிறது.

அப்பா விஷயத்துக்கு வருவோம். மறக்க வேண்டியதில்லை. நடந்ததை நடந்தபடி ஆண்டவரிடம் சொல்லுங்கள், அம்மாவின் பேரைச் சொல்லி, அப்பாவின் பேரையும் சொல்லி. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு எப்படியும் போவீர்கள். அங்கே கோபம் வந்தால் அழுதுவிட்டு வாருங்கள். மெழுகுவத்தி ஏற்றக் கை வரவில்லையென்றால் சுற்றிலும் முளைத்த புல்லை மட்டும் பிடுங்கிவிட்டு வந்துவிடுங்கள். இந்த வருஷத்துக்கு அது போதும்.