மூடிப்போன மனநல ஆஸ்பத்திரிக்கு வாக்கிங் போகலாமா?

கேள்வி: பொண்ணு அமெரிக்காவுல, ஓஹையோ மாநிலத்துல ஆதென்ஸ்ங்கற ஊர்ல படிக்கறா. லீவுக்கு நானும் அவரும் போறோம். அங்க பழைய மனநல ஆஸ்பத்திரி ஒண்ணு மூடிக் கிடக்காம், அந்த வளாகத்துலதான் அவ தினமும் வாக்கிங் போறாளாம், எங்களையும் கூட்டிட்டுப் போறேங்கறா. கல்லறை வேற இருக்காம். எனக்கு மனசே ஒப்பல. எங்க பெரிய அத்தை ஒருத்தங்க இப்படி ஒரு ஆஸ்பத்திரிலயே பல வருஷம் இருந்து அங்கயே காலமாயிட்டாங்க, வீட்ல அவங்க பேச்சையே யாரும் எடுக்க மாட்டோம், பொண்ணுக்கும் தெரியாது. போகலாமா?
- ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: தாராளமா போங்கம்மா. அந்த ஊர்க்காரங்க அந்த இடத்தை 'தி ரிட்ஜஸ்'னு சொல்வாங்க. 1874ல ஆதென்ஸ் லூனாடிக் அசைலம்னு தொறந்தாங்க, 1993ல ஆஸ்பத்திரியை மூடினாங்க, இப்போ இடம் ஓஹையோ யூனிவர்சிட்டி கையில இருக்கு, மெயின் பில்டிங்ல ஒரு ஆர்ட் மியூசியமே நடக்குது. அதனால பாழடைஞ்ச பங்களான்னு மனசுல படம் போட்டு வச்சுக்காதீங்க.

போனா முதல்ல அந்தக் கட்டடத்தை வெளிய நின்னு நல்லா பாருங்க. வவ்வால் இறக்கையை விரிச்ச மாதிரி ரெண்டு பக்கமும் படிப்படியா பின்வாங்கிப் போகும். தாமஸ் கிர்க்பிரைட்னு ஒரு டாக்டர் சொன்ன பிளான் அது, ஒவ்வொரு வார்டுக்கும் வெயிலும் காத்தும் வரணும்னு யோசிச்சது, தோட்டம், மரம், வயல் வேலை இதெல்லாமே வைத்தியம்னு அவர் நம்பினார். ஒரு ஆஸ்பத்திரில 250 பேருக்கு மேல வேண்டாம்னும் சொன்னார். யாரும் கேக்கல. கூட்டம் ஏறிக்கிட்டே போய் 1955ல அமெரிக்கா முழுக்க இந்த மாதிரி அரசு ஆஸ்பத்திரிகள்ல அஞ்சரை லட்சம் பேருக்கு மேல இருந்தாங்க. அந்தச் சமயத்துலதான் குளோர்ப்ரோமசின்னு மனநோய்க்கு ஒரு மாத்திரை வந்துச்சு, 1963ல பிரசிடென்ட் கென்னடி ஊருக்கு ஊர் மனநல மையம் வைக்க சட்டம் போட்டார், பெரிய ஆஸ்பத்திரிகள் ஒண்ணொண்ணா காலியாச்சு. ஆனா வெளிய வந்தவங்களுக்கு வீடும் வைத்தியமும் போதுமான அளவு கொடுக்கல, நிறைய பேர் தெருவுலயும் ஜெயில்லயும் போய் நின்னாங்க, எனக்கு அதை நினைச்சா இன்னும் ஆத்திரமா வருது.

கல்லறைப் பக்கம் கட்டாயம் போங்க. மூணு கல்லறைத் தோட்டம், மொத்தம் 1,900 பேருக்கு மேல. முக்கால்வாசி கல்லுல பேரே கிடையாது, வெறும் நம்பர்தான். இறந்தவங்களை வாங்கிட்டுப் போக வீட்ல இருந்து யாரும் வராததால அங்கயே புதைச்சாங்க. பிற்பாடு உள்ளூர் ஆளுங்க சேர்ந்து புல்லு வெட்டி, சாய்ஞ்ச கல்லை நிமிர்த்தி, யாருக்கு எந்த நம்பர்னு தேட ஆரம்பிச்சாங்க.

அங்க வச்சே உங்க அத்தையைப் பத்தி பொண்ணுகிட்ட சொல்லிடுங்கம்மா. மறைக்க அதுல என்ன குத்தம் இருக்கு? அந்தக் காலத்துல குடும்பத்துக்கு வேற வழியே காட்டல. வேலூர் சி.எம்.சி. பாகாயத்துல 1957ல மனநல மையம் தொடங்கினப்போ குடும்பமும் கூடவே தங்கணும்னு வச்சாங்க, அதுவே பெரிய மாத்தம். அப்படி இருந்தும் 2001ல ஏர்வாடில சங்கிலில கட்டி வச்சிருந்த 28 பேர் தீயில போனாங்களே. 2017 மனநலச் சட்டம்தான் சங்கிலி போடக்கூடாதுன்னு தெளிவா எழுதுச்சு. அதோட குடும்பத்துல யாருக்கு என்ன இருந்துச்சுன்னு டாக்டர் கேப்பாங்க, பொண்ணுக்குத் தெரிஞ்சிருந்தா நல்லது, அத்தைக்கு வந்ததால அவளுக்கும் வரும்னு அர்த்தம் இல்ல. வீட்ல மகாளய அமாவாசைக்கு தர்ப்பணம் பண்ற வழக்கம் இருந்தா அத்தை பேரையும் சேர்க்கச் சொல்லுங்க. பேர் தெரிஞ்சவங்க நீங்க இருக்கீங்க, அங்க பல பேருக்கு அதுவும் இல்ல.

இடம் மேடா இருக்கும், நல்ல ஷூ போட்டுக்கோங்க, வெயில் காலத்துல புல்லுல உண்ணி இருக்கும், வந்ததும் கால் பாருங்க. பூட்டின கட்டடத்துக்குள்ள மட்டும் வேண்டாம்.

கேள்வி: நானும் ஃப்ரெண்ட்ஸும் யூடியூப் சேனல் வச்சிருக்கோம். பூட்டிக் கிடக்கற பழைய மனநல ஆஸ்பத்திரி ஏதாவது ஒண்ணுல ராத்திரி பூந்து பேய் வீடியோ எடுக்கலாம்னு பிளான். என்ன சொல்றீங்க?
- ஒரு வாசகர், சிவாஜிநகர், பெங்களூரு

பதில்: வேண்டாம் தம்பி. அனுமதி இல்லாம நுழைஞ்சா கேஸ், அது ஒரு பக்கம். மட்கின தளம் காலை வச்சதும் உள்ள போயிடும், பழைய ஷீட்ல ஆஸ்பெஸ்டாஸ் தூசு இருந்தா நுரையீரல்ல போய் உக்காந்துக்கும். இன்னொண்ணு, நம்ம நாட்டுல இந்த ஆஸ்பத்திரிகள் பல இன்னும் நடக்குது, பழைய வார்டுக்குப் பக்கத்து வார்டுல ஆள் இருப்பாங்க. சிகிச்சைல இருக்கறவங்க போட்டோவை அவங்க சம்மதம் இல்லாம மீடியாவுல விடக்கூடாதுன்னு அதே 2017 சட்டம் சொல்லுது. உங்க சித்தப்பாவோ அக்காவோ அங்க படுத்திருக்கும்போது எவனோ வந்து ஜன்னல்ல டார்ச் அடிச்சா ஒத்துப்பீங்களா?

நல்ல வீடியோ வேணும்னா பகல்ல எடுங்க. உங்க வீட்டுப் பக்கத்துலயே விஷயம் இருக்கு. பெங்களூருல முதல்ல மனநல ஆஸ்பத்திரி இருந்தது பேட்டை பக்கம், தர்மாம்புதி ஏரி கிட்ட, அந்த ஏரிதான் இன்னைக்கு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட். அது பிற்பாடு ஓசூர் ரோட்டுக்கு மாறி, 1974ல நிம்ஹான்ஸ்ங்கற தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் ஆச்சு. நிம்ஹான்ஸ்ல மூளை மியூசியம் ஒண்ணு இருக்கு, பொதுமக்களையும் விடறாங்க, எந்த நாள்னு முன்னாடியே கேட்டுட்டு, கேமராவுக்கும் அனுமதி வாங்கிட்டுப் போங்க.